எச்சமும் எச்சக் கோப்பும்: மென்பொருள் நீங்கியபின் கணினியில் எஞ்சுவன



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவுக்கு இப்படியும் ஒரு தலைப்பா என்று சிலர் வியந்திருக்கலாம். கணினியிலிருந்து ஒரு மென்பொருளை நீக்கியபின் அங்கே எஞ்சி நிற்கும் கோப்புகளைத் தேடுவதும் களைவதும் கணினி பழுதுபார்ப்பவரின் பணி; இலக்கணம் படித்தவர்க்கு அங்கே என்ன வேலை என்னும் வினா நியாயமானதே. அதற்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மென்பொருள் நீங்கியபின் எஞ்சுவனவற்றுள் குப்பையும் உண்டு. நம் உடைமையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் துடைத்தெடுப்பதால், சென்ற தலைமுறையில் தமிழில் தட்டெழுதி வைத்த ஆவணங்கள் படிக்க இயலாதவை ஆகின்றன. படிக்க இயலாதவற்றை அடுத்து வருபவர் குப்பையென்று கருதி அழித்துவிடுகிறார். ஆகவே களைவதற்கு முன் வகைப்படுத்த வேண்டும். வகைப்படுத்துவது இலக்கணத்தின் தொழில்; அதனால்தான் இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

இவ்வூரின் எச்சங்கள்

இப்பொருளைப் பேசுவதற்கு டெங்கில் மிகப் பொருத்தமான ஊர். 1996ஆம் ஆண்டு மல்டிமீடியா பெருவழித் திட்டம் தொடங்கப்பட்டது. 1997 மே மாதம் திறந்துவைக்கப்பட்ட சைபர்ஜெயா இந்த டெங்கில் முக்கிமுக்குள்தான் அமைந்திருக்கிறது. அடுத்திருக்கும் புத்ராஜெயா எழுந்த நிலம் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களின் நிலம். அத்தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் பல, டெங்கிலின் தாமான் பெர்மாத்தாவுக்குக் குடிபெயர்ந்தன. கணினி நகரம் நிறுவப்பட்டபோது தோட்டம் நீக்கப்பட்டது என்று சொன்னால் அது வெறும் உவமையன்று, நடந்த வரலாறு.

நீக்கப்பட்ட அத்தோட்டத்தின் எச்சம் எதிர்பாராத இடத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. இரப்பர் பயிரிடுவோர் அறிந்த பி.பி. 86, பி.பி. 260 என்னும் ஒட்டுவகைப் பெயர்களில் உள்ள 'பி.பி.' என்பது பிராங் பெசாரின் முதலெழுத்துகளே. பி.பி. 86 இலங்கையிலும் பரவலாக நடப்பட்டது. தோட்டம் இருந்த இடத்தில் அமைச்சகக் கட்டடங்கள் நிற்கின்றன. தோட்டத்தின் பெயரோ கடல் கடந்த மரங்களின் பெயர்ப்பட்டியலில் நிலைத்திருக்கிறது. ஒன்றை நீக்கும்போது அதன் பெயரும் தடமும் அது இருந்த இடத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கணினியிலும் அப்படித்தான்.

எச்சம் என்னும் சொல்

நம் நாட்டில் இச்செயலுக்கு மலாய்மொழி 'ஞாபாசாங்' என்று ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டது. 'பாசாங்' என்பது பொருத்துதல். 'ஞா' என்பது அகற்றுதல். தமிழில் 'நிறுவல் நீக்கம்' என்கிறோம். இரண்டு சொற்களும் செயல் முழுமையாக முடிந்துவிடுவது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. உண்மையில் முடிவதில்லை. எஞ்சி நிற்பதற்குத் தமிழில் பழைய, நல்ல சொல் ஒன்று இருக்கிறது. அதுவே எச்சம்.

'படித்த' என்பது பெயரெச்சம். 'மாணவன்' போன்ற ஒரு பெயர் வந்து அதை முடித்துவைக்க வேண்டும். 'படித்து' என்பது வினையெச்சம். 'முடித்தான்' போன்ற ஒரு வினையை அது எதிர்நோக்குகிறது. இலக்கணத்தில் எச்சம் என்பது கழிவன்று. தன்னை முடிக்கவல்ல ஒன்றுக்காகக் காத்திருக்கும் சொல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்றே பெயர். முன்னை இயல்களில் அடங்காது எஞ்சியவற்றை ஆசிரியர் அங்கே தொகுத்தார், எறிந்துவிடவில்லை. பிற்காலத்தில் பறவையின் கழிவுக்கும் அச்சொல்லே வழங்கலாயிற்று. ஒரே சொல்லுக்குள் கழிவும் இருக்கிறது, காத்திருப்பும் இருக்கிறது. கணினியில் எஞ்சும் கோப்புகளும் இவ்விருவகையினவே.

எஞ்சுவது ஏன்?

ஒரு மென்பொருளை நிறுவும்போது, அதன் நிறுவுநிரல் தான் கொண்டுவந்து வைத்த கோப்புகளுக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொள்கிறது. நீக்கும்போது அப்பட்டியலைப் பார்த்தே ஒவ்வொன்றாக எடுக்கிறது. நிறுவிய பின்னர், பயன்பாட்டுக் காலத்தில் உருவானவை அப்பட்டியலில் இல்லை. நாம் மாற்றிய அமைப்புகள், சேர்த்த சொற்பட்டியல், தற்காலிகக் கோப்புகள், பிழைக்குறிப்புகள் ஆகியன இவ்வாறு பின்னர்ப் பிறந்தவை. பட்டியலில் இல்லாததால் நீக்குநிரல் அவற்றைத் தொடுவதில்லை.

சில வேளைகளில் எச்சம் வேண்டுமென்றே விடப்படுகிறது. பயனர் நாளை மனம் மாறி அதே மென்பொருளை மீண்டும் நிறுவினால், அவருடைய அமைப்புகள் அப்படியே கிடைக்க வேண்டும் என்பது ஆக்கியோரின் எண்ணம். லினக்ஸ் உலகில் இவ்வேறுபாட்டுக்கு இரண்டு சொற்களே உண்டு. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் தொகுப்பு மேலாளரில் 'ரிமூவ்' என்னும் கட்டளை நிரலை எடுத்துவிட்டு அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' என்னும் கட்டளை அவற்றையும் சேர்த்து எடுக்கும். அப்போதும் பயனரின் சொந்த இல்லக் கோப்புறைக்குள் இருப்பவற்றில் அது கைவைப்பதில்லை. நீக்குதல் வேறு, துடைத்தொழித்தல் வேறு, பயனரின் உடைமை வேறு என்னும் மூன்று எல்லைகளையும் அம்முறை தெளிவாக வகுத்திருக்கிறது. விண்டோஸில் இவ்வெல்லைகள் அவ்வளவு தெளிவாக இல்லை. எனவே தேடும் பொறுப்பு நம்மீது விழுகிறது.

எங்கே தேடுவது?

நம் சங்கங்களிலும் இல்லங்களிலும் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் கணினியே என்பதால் அதை முதலில் சொல்வோம். மென்பொருளின் உடல் இருப்பது 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் கோப்புறையிலும், எக்ஸ் 86 என்னும் அடைமொழியோடு அதன் அருகில் இருக்கும் மற்றொன்றிலும். எல்லாப் பயனர்க்கும் பொதுவான தரவு 'புரோகிராம் டேட்டா' கோப்புறையில் இருக்கும். ஒவ்வொரு பயனர்க்கும் உரியவை 'ஆப் டேட்டா' என்னும் கோப்புறையில் 'லோக்கல்', 'லோக்கல் லோ', 'ரோமிங்' என்னும் மூன்று அறைகளில் கிடக்கும். இவற்றுட் சில வழக்கமாகக் கண்ணுக்குப் புலப்படா; கோப்புலாவியின் 'வியூ' பகுதியில் மறைந்தவற்றைக் காட்டுமாறு சொல்ல வேண்டும்.

இவற்றுள் தேடும்போது மென்பொருளின் பெயரை மட்டும் தேடினால் போதாது. பல கோப்புறைகள் அதை ஆக்கிய நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ஆகவே நீக்குவதற்கு முன்பே மென்பொருளின் பெயர், ஆக்கியோர் பெயர், பதிப்பெண் ஆகிய மூன்றையும் தாளில் குறித்துக்கொள்வது நலம்.

கோப்புகளுக்கு அப்பால் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேடு இருக்கிறது. எந்த நிரல் எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பை எது திறக்க வேண்டும் என்பன போன்ற செய்திகளை விண்டோஸ் அங்கே எழுதிவைக்கிறது. நிறுவப்பட்ட நிரல்களின் பெயர்ப்பட்டியலும் அங்கேதான் உள்ளது. கோப்புறையைக் கையால் அழித்துவிட்டால் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும். ஊரைவிட்டுப் போனவர் பெயர் வாக்காளர் பட்டியலில் தொடர்வதைப் போன்றது அது. அந்நிலையில் அதே பதிப்பை மீண்டும் நிறுவி, அதன் நீக்குநிரலைக் கொண்டே முறையாக நீக்குவது எளிய தீர்வு.

மெக் கணினியில் செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போடுவதோடு வேலை முடிந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். பயனரின் 'லைப்ரரி' கோப்புறைக்குள் 'அப்ளிகேஷன் சப்போர்ட்', 'பிரிஃபரன்சஸ்', 'கேஷஸ்', 'லாஞ்ச் ஏஜென்ட்ஸ்' ஆகிய இடங்களில் அதன் எச்சம் தங்கியிருக்கும். 'ஆப்ஷன்' விசையை அழுத்திக்கொண்டு 'கோ' பட்டியலைத் திறந்தால் அந்த லைப்ரரி புலப்படும்.

மூவகை எச்சம்

தேடிக் கண்டவற்றை மூன்றாக வகுக்கலாம் என்பது நம் துணிபு. முதலாவது உயிரற்ற எச்சம். தற்காலிகக் கோப்புகள், பிழைக்குறிப்புகள், வெற்றுக் கோப்புறைகள், இல்லாத நிரலைச் சுட்டும் குறுக்குவழிகள் ஆகியன இவ்வகை. இவை இடத்தை அடைக்கின்றன. வேறு தீங்கு அரிது. அழிக்கலாம், அழிக்காமல் விட்டாலும் கணினி நின்றுவிடாது.

இரண்டாவது இயங்கும் எச்சம். நிரல் போனபின்னும் கணினி தொடங்கும்போது தாமும் தொடங்க முயலும் பணிகள், காலமுறைப் பணிப்பட்டியலில் தங்கிவிட்ட கட்டளைகள், விசைப்பலகை இயக்கிகள் ஆகியன இவை. தமிழர்க்கு நன்கு அறிமுகமானது விசைப்பலகை எச்சம். 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல் தமிழ் 99 விசைப்பலகை இயங்குதளத்திலேயே கிடைக்கிறது. அதன்பின் பலர் தாம் முன்பு நிறுவியிருந்த தனி விசைப்பலகை மென்பொருளை நீக்கினர். நீக்கியபின்னும் பழைய விசைப்பலகையின் பெயர் மொழிப்பட்டையில் நின்று, விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தும்போதெல்லாம் குறுக்கே வருவதுண்டு. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று, தமிழுக்கு உரிய விசைப்பலகைகளில் வேண்டாததை அகற்றினால் பெரும்பாலும் சரியாகும். இயங்கும் எச்சத்தை விட்டுவைக்கக் கூடாது. பழுது பார்க்கப்படாத பழைய நிரல்துண்டு இயங்கிக்கொண்டிருப்பது பாதுகாப்புக்கும் குறை.

மூன்றாவது உடைமை எச்சம். மென்பொருளின் கோப்புறைக்குள் இருந்தாலும் மென்பொருளுக்கு உரிமையில்லாதவை இவை. நாம் எழுதிய ஆவணங்கள், ஆண்டுக்கணக்கில் சேர்த்த சொற்பட்டியல்கள், வேர்டு செயலியின் 'நார்மல்' வார்ப்புருவுக்குள் நாம் அமைத்த தமிழ்க் குறுவழிகள் ஆகியன. விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் பல, பயனரின் கோப்புகளைத் தம் சொந்தக் கோப்புறையிலேயே சேமித்தன. விஸ்டா வந்தபின் அப்பழைய நிரல்கள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால், இயங்குதளம் அதைத் தடுத்து, ஆப் டேட்டாவின் 'லோக்கல்' அறைக்குள் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்னும் இடத்துக்குத் திருப்பிவிட்டது. பயனர்க்கு இது தெரியாது. பின்னொரு நாள் துப்புரவு செய்ய வருபவர் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்னும் அறிமுகமற்ற பெயரைக் கண்டு அழித்துவிட்டால், அதற்குள் ஒரு சங்கத்தின் பத்தாண்டுக் கூட்டக் குறிப்புகள் இருந்திருக்கக்கூடும்.

இம்மூவகையும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. பெயரைப் பார்த்துப் பிரிக்க இயலாது. திறந்து பார்த்தே பிரிக்க வேண்டும்.

எழுத்துரு என்னும் எச்சம்

மூன்றாம் வகையுள் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. இவ்வுரையின் மையம் அதுவே.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. எனினும் விண்டோஸ் இயங்குதளம் அதற்கு ஆதரவு தந்தது விண்டோஸ் 2000 முதல்தான். அதற்கு முன்னும், அதற்குப் பின் பல ஆண்டுகளும், தமிழர் தத்தம் வழியில் எழுதினர். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துரு, பன்னாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடி வகுத்த டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்கள் என்று வழிகள் பல. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலேயே தமிழிணைய மாநாடு கூடியது. தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். இடைப்பட்ட காலத்தில் பள்ளி ஆண்டு மலர்களும் கோயில் கணக்குகளும் சங்கக் கடிதங்களும் பல்வேறு குறியேற்றங்களில் எழுதிக் குவிக்கப்பட்டன.

அக்கோப்புகளுள் தமிழ் எழுத்து இல்லை என்பதே அறிய வேண்டிய செய்தி. அவற்றுள் இருப்பவை எண்கள். அந்த எண்களுக்கு எழுத்துரு தமிழ் வடிவம் பூசிக் காட்டியது. பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருக்கும்வரை திரையில் 'தமிழ்' என்று தெரியும். எழுத்துரு போனால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். டிஸ்கி, டாப் போன்றவற்றில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட இடங்களில் இருந்தமையால், எழுத்துரு போனபின் மேற்புள்ளியும் கோடும் இட்ட ஐரோப்பிய எழுத்துகள் தோன்றும்.

இலக்கண நோக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிப்பதாகத் தொல்காப்பியம் கொள்ளும். ஒருங்குறியும் அவ்வரிசையிலேயே முதலில் மெய்யெழுத்தின் இடத்தையும் பின்னர் உயிர்க்குறியையும் பதிகிறது. பழைய குறியேற்றங்களோ கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிந்தன. 'கொ' என்பதில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் இறுதியில். ஆகவே இக்காலக் கணினியில் 'தமிழ்' என்று தேடினால் பழைய கோப்பு ஒன்றுகூட அகப்படாது. கோப்பு இருக்கிறது, தேடுபவர்க்கு இல்லை.

எழுத்துரு என்பது மென்பொருளோடு வந்தது. மென்பொருளை நீக்கும்போது சில நீக்குநிரல்கள் எழுத்துருவையும் எடுத்துச் செல்லும். சில விட்டுச் செல்லும். விட்டுச் சென்றதைப் 'பழைய குப்பை' என்று நாம் அழிப்போம். இரு வழியிலும் ஆவணம் தன்னை முடித்துவைக்கும் சொல்லை இழந்த எச்சமாகிறது. இலக்கணத்தில் பெயரெச்சம் பெயரை எதிர்நோக்குவதுபோல, அக்கோப்பு தன் எழுத்துருவை எதிர்நோக்கி நிற்கிறது.

தோட்டம் இழந்து இடம்பெயர்ந்தவர்க்கு இதன் இழப்பு மிகுதி. கோயில் இருந்த இடத்தில் கோயில் இல்லை. பள்ளி இருந்த இடத்தில் பள்ளி இல்லை. நன்கொடை தந்தோர் பெயரும், திருவிழா வரவுசெலவும், நிர்வாகக் குழுவினரின் பட்டியலும் எங்கேனும் எஞ்சியிருந்தால் அது யாரோ ஒருவர் வீட்டுப் பழைய கணினியில்தான் இருக்கும்.

களையும் முறை

ஆகவே நாம் பரிந்துரைக்கும் முறை இது. நீக்குவதற்கு முன் ஆவணங்கள் அனைத்தையும், அவற்றுக்கு உரிய எழுத்துருக்களோடு சேர்த்து, புறவட்டு ஒன்றில் படியெடுங்கள். எழுத்துருக்கள் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' என்னும் இடத்தில் இருக்கும். விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளில் ஒரு பயனர்க்கு மட்டும் நிறுவப்பட்டவை ஆப் டேட்டாவுக்குள்ளும் இருக்கலாம். எந்த எழுத்துரு வேண்டும் என்பதை அறிவது எளிது. வேர்டு ஆவணத்தைத் திறந்து எழுத்தின்மேல் சுட்டியை வைத்தால், அவ்வெழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் எழுத்துருப் பெட்டியில் தெரியும். அப்பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் உரைக்கோப்பில் இந்த வாய்ப்பு இல்லை; அதனால் அவற்றுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

அடுத்து, ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இதற்கென்றே அமைந்தவை. மாற்றியபின் ஒரு முறை மனிதர் படித்துப் பார்க்க வேண்டும். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே இடத்தில் இருந்தன. அதனால் 'கௌரி' என்னும் பெயர் 'கெளரி' என்று மாறிவரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. நம் நாட்டுக் கடிதங்களில் மற்றொரு தொல்லையும் உண்டு. முகவரியும் தலைப்பும் மலாயில், உடல் தமிழில் என்று எழுதுவது நம் வழக்கம். பாமினி போன்றவற்றில் தமிழும் உரோமன் எழுத்தும் ஒரே எண்களைப் பங்கிட்டுக்கொள்வதால், முழுக் கடிதத்தையும் ஒருசேர மாற்றினால் மலாய்ப் பகுதி தமிழெழுத்துக் குவியலாகிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிந்தெடுத்து மாற்ற வேண்டும். மாற்றுதற்கு நேரமில்லையெனில் எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். ஆகவேனும் சேமியுங்கள். தேட இயலாது, படிக்கவாவது இயலும்.

இதன்பின் மென்பொருளை அதற்குரிய நீக்குநிரலால் நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பயன்பாட்டில் உள்ள சில கோப்புகள் மறுதொடக்கத்தின்போதுதான் அகலும். பிறகு முன்சொன்ன இடங்களில் எச்சத்தைத் தேடுங்கள். ஐயத்துக்குரிய கோப்புறையை உடனே அழிக்காமல், பெயரின் பின்னே 'பழையது' என்று சேர்த்து ஒரு திங்கள் விட்டுவையுங்கள். எந்த நிரலும் அதைத் தேடி முறையிடவில்லையெனில் அழியுங்கள். பதிவேட்டை இறுதியில் தொடுங்கள். தொடுமுன் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் படியெடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை அழித்தால் மீட்புத்தொட்டியில் கிடக்கும். பதிவேட்டில் அழித்ததற்கு அத்தகைய தொட்டி இல்லை.

கைவைக்கக் கூடாதவையும் உண்டு. விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று தொடங்கும் துணைத்தொகுப்புகள் பட்டியலில் பலவாகத் தோன்றும். அவற்றைப் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. விண்டோஸுக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்திருக்கும் கோப்புறை பெரிதாக இருக்கும். அதை அழித்தால் பிற மென்பொருள்களைப் பழுதுபார்க்கவும் நீக்கவும் இயலாமற் போகும்.

துப்புரவுக் கருவிகள்

ரெவோ அன்இன்ஸ்டாலர் போன்ற கருவிகள் எச்சத்தைத் தேடிப் பட்டியலிட்டுத் தருகின்றன. தேடுவதற்கு அவை உதவும். தீர்ப்பு நம்முடையதாக இருக்க வேண்டும். பட்டியல் முழுவதையும் ஒரே சொடுக்கில் அழிக்கும் பொத்தானை நம்ப வேண்டாம். பதிவேட்டைத் துப்புரவாக்கும் கருவிகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. 2017இல் புகழ்பெற்ற சிகிளீனரின் ஒரு பதிப்புக்குள் தீநிரல் புகுத்தப்பட்டு, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குச் சென்றது. துடைக்க வந்த துணியிலேயே அழுக்கிருந்தது. எந்தக் கருவிக்கும் பாமினியில் எழுதிய வாழ்த்துரைக்கும் பொருளற்ற எழுத்துக் குவியலுக்கும் வேறுபாடு தெரியாது. தமிழறிந்தவர்க்கே அது தெரியும்.

துடைத்தாக வேண்டியதும் ஒன்றுண்டு. உறுப்பினர்களின் அடையாள அட்டை எண், முகவரி, சந்தா விவரம் ஆகியன அடங்கிய கோப்புகள், அவற்றைக் கையாண்ட மென்பொருள் நீங்கியபின்னும் கணினியில் தங்கியிருக்கும். 2013 நவம்பர் முதல் நடப்பில் இருக்கும் நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நடவடிக்கைகளில் பெற்ற தரவைத் தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திருக்கலாகாது என்கிறது. சட்டம் நம் சங்கத்துக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் அது நல்ல நெறி. கணினியைப் பிறர்க்குக் கொடுக்கும்போதும் விற்கும்போதும் முதலில் தேடவேண்டிய எச்சம் இதுவே.

நிறைவாக ஒன்று கேட்டுக்கொள்கிறோம். இவ்வவையில் இருக்கும் ஒவ்வொரு சங்கமும் கோயில் நிர்வாகமும் பள்ளி வாரியமும் தத்தம் பழைய கணினிகளைத் துப்புரவுக்கு அனுப்புமுன் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். கணினி அறிந்த இளையர் ஒருவரும், அக்காலத்துப் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர் ஒருவரும் அதன்முன் சேர்ந்தமரட்டும். திறக்க மறுக்கும் கோப்புகளின் பட்டியலை எழுதுங்கள், எழுத்துருவின் பெயரைக் குறியுங்கள், மாற்றுங்கள், மூத்தவர் படித்துத் திருத்தட்டும். இளையர்க்கு அவ்வெழுத்துருக்களின் பெயர் தெரியாது. மூத்தவர்க்கு அக்கோப்புறைகளின் இடம் தெரியாது. அவ்விருவரும் ஒரே மேசையில் அமரும் காலம் இன்னும் நெடுநாள் நீடிக்காது.

வள்ளுவரும் ஒருவர் தகுதியை அவர்தம் எச்சத்தைக் கொண்டு மதிப்பிட்டார். அச்சொல்லுக்குப் புகழ் என்றும் மக்கள் என்றும் உரையாசிரியர்கள் பொருள் கண்டனர். எழுதிவைத்த கோப்புகளையும் அப்பொருளோடு சேர்த்துக்கொள்வதில் பிழையில்லை என்று கருதுகிறோம்.